சேகர் புதைத்த எர்த் கம்பி

எங்கள் கிடார் பிக்கப் பட்டறை இப்போது பெங்களூருக்குப் போய்விட்டது. அங்கே கம்ப்யூட்டர் சொல்கிறபடி கம்பி சுற்றுகிற மிஷின் ஒன்று வாங்கியிருக்கிறார்கள். அதில் வேலை செய்கிற பெண்கள் போனில் கூப்பிட்டு, "கோமதியக்கா, நீங்க கையால சுத்தின காலத்தைப் பத்தி எழுதிக் குடுங்க" என்றார்கள். கையால் சுற்றியதில் பெருமை ஒன்றுமில்லை. மிஷின் என்னைவிட நன்றாகவே சுற்றுகிறது. கம்பி அறுந்துபோவதும் கம்மி. ஆனால் எழுத உட்கார்ந்தால் எனக்கு சேகர் விஷயம்தான் வருகிறது. அதை விட்டுவிட்டு மற்றதை எழுத எனக்குத் தெரியவில்லை.

நான் அடி அண்ணாமலைக்காரி. கல்யாணத்துக்கு முன்னாலேயே ராணிப்பேட்டை பக்கம் ஒரு டிரான்ஸ்பார்மர் கம்பெனியில் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், சுற்றினேன். அந்தக் கம்பெனியை மூடினதும் ஊருக்கு வந்து, கொஞ்ச நாள் மாடு வைத்துப் பால் ஊற்றினேன். ஆசிரமம் பக்கம் ஒரு வீட்டில் பால் ஊற்றும்போதுதான் நிர்மலா மேடத்தைப் பார்த்தேன். செங்கம் ரோட்டிலிருந்து பிரிகிற சந்தில், வெள்ளைக்காரர்கள் தங்குகிற ஒரு விடுதிக்குப் பின்னால் இரண்டு அறை. முன்னறையில் ஒரு தையல் மிஷின் மோட்டாரில் செம்புக் கம்பியைச் சுற்றப் பார்த்து, திரும்பத் திரும்ப அறுத்துக்கொண்டிருந்தார். பால் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "குடுங்கம்மா, நான் சுத்தறேன்" என்றேன். மறுநாளிலிருந்து எனக்கு அங்கே வேலை.

மேடம் சென்னையில் ரேடியோ நிலையம் ஒன்றில் இன்ஜினியராக இருந்தவர். பாட்டு ஒலிப்பதிவு செய்கிற கருவிகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேலையை விட்டுவிட்டு ஆசிரமத்துக்கு வந்தவர், சும்மா உட்கார முடியாமல் இந்த வேலையை ஆரம்பித்தார். எலக்ட்ரிக் கிடாரில் கம்பிகளுக்குக் கீழே நீளமாக ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும். உள்ளே காந்தம், அதைச் சுற்றி மயிரைவிட மெல்லிய செம்புக் கம்பி பல ஆயிரம் சுற்று. மேலே கிடார்க் கம்பி அதிர்ந்தால் உள்ளே கரண்டு பிறக்கும். அதுதான் ஆம்ப் என்கிற ஒலிபெருக்கிப் பெட்டியில் போய்ச் சத்தமாகிறது. அந்தப் பெட்டிக்குத்தான் பிக்கப் என்று பேர். முதலில் விடுதிகளில் தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர்கள் வாங்கினார்கள். அப்புறம் கச்சேரிக் குழுக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள்.

மேடம் எல்லாரையும் "வாங்க, போங்க" என்றுதான் பேசுவார். என்னை விட வயதில் சின்னப் பெண்கள் இரண்டு பேர் வேலைக்கு வந்தபோதும் அப்படித்தான். குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். காது கொடுத்துக் கேட்க வேண்டியிருக்கும். நாம் போய், "மேடம், இந்தக் காயில் சரியா வரலை" என்று சொன்னால், உடனே ஒரு கேள்வி வரும்.

"பார்த்தீங்களா, நினைக்கிறீங்களா?"

மீட்டர் வைத்துப் பார்த்திருந்தால் மேற்கொண்டு பேசலாம். நினைத்திருந்தால் திரும்பிப் போக வேண்டியதுதான். பாராட்ட மாட்டார். "சரி" என்று சொன்னால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். "மறுபடி" என்று சொன்னால் மொத்தத்தையும் அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து.

சேகர் கீழ்பென்னாத்தூர்க்காரன். பகலில் மினி வேனில் கடலை மூட்டை ஏற்றுவான். திருவிழாக் காலத்தில் ஓர் இன்னிசைக் குழுவில் கிடார் வாசிப்பான். ஒருநாள் பழைய கிடார் ஒன்றைச் சாக்குப்பையில் சுற்றிக்கொண்டு வந்தான்.

"மேடம், எனக்கு ரெண்டு கிடார் வாங்க வசதி இல்ல. வாங்கினாலும் ஸ்டேஜ்ல பாட்டு நடுவுல மாத்த முடியாது. பல்லவிக்கு மரக் கிடார் சத்தம் வேணும், நடுவுல மியூசிக் வரும்போது கரண்டு கிடார் சத்தம் வேணும். ஒரே கிடார்ல ரெண்டும் வரணும். முடியுமா?"

மேடம் அந்தக் கிடாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முடியுமான்னு தெரியலை. செஞ்சு பார்க்கலாம்" என்றார்.

அதுதான் எங்கள் கலப்பு பிக்கப்பின் ஆரம்பம். காந்தக் காயில் எப்போதும்போல கம்பிகளுக்குக் கீழே. அது கரண்டு கிடார் சத்தத்துக்கு. மரச் சத்தத்துக்கு, கம்பிகள் வந்து உட்கார்கிற பாலத்துக்கு அடியில் மெல்லிய பீசோ பட்டை ஒன்று. கேஸ் லைட்டரை அமுக்கினால் பொறி வருகிறதே, அதற்குள் இருக்கிற அதே சங்கதிதான். அமுக்கம் பட்டால் கரண்டு தரும். இரண்டையும் ஒரு சின்ன சர்க்யூட்டில் சேர்த்து, ஒரு திருகைத் திருப்பி எது ஜாஸ்தி எது கம்மி என்று வைத்துக்கொள்ளலாம்.

எழுதும்போது சுலபமாக இருக்கிறது. செய்யும்போது மாதக்கணக்கில் இழுத்தது. காயிலை நான் சுற்றினேன். வலது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கம்பளித் துண்டு வைத்து, அதற்குள் கம்பி ஓட வேண்டும். கொஞ்சம் இறுக்கினால் அறும். கொஞ்சம் தளர்த்தினால் சுற்று ஆடி, ஆம்ப்பில் கீச்சென்று கத்தும். சுற்றி முடித்து மீட்டர் பார்த்து, உருகின மெழுகில் முக்கி, குமிழி நிற்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மெழுகு கொதித்துவிட்டால் காயில் போச்சு. பீசோ பட்டையை மேடம் தன் கையாலேயே ஒட்டுவார். இரண்டையும் சேர்த்தபோது, தனித்தனியாக நன்றாக இருந்த சத்தம் சேர்ந்ததும் சோப்பு கரைந்ததுபோல ஒல்லியாகிவிட்டது. ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே இழுக்கிறது என்று மேடம் கண்டுபிடித்து, காயிலின் இரண்டு முனைகளை மாற்றிப் பற்றவைக்கச் சொன்னார். மாற்றினதும் சத்தம் அறை நிறைய வந்தது.

வாசித்துக் காட்டுவது சேகர் வேலை. எங்கள் யாருக்கும் வாசிக்கத் தெரியாது. மேடம் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வார். விரலைப் பார்த்தால் காது ஏமாந்துவிடுமாம். நான் பக்கத்து அறையில் மிக்சியை ஓட்டி, பழைய சோக் போட்ட டியூப் லைட்டைப் போட்டு அணைக்க வேண்டும். அந்த இரைச்சல் கிடாரில் ஏறுகிறதா என்று பார்ப்பதற்கு. சேகர் வாசிப்பான், மேடம் "மறுபடி" என்பார். அவன் சலித்துக்கொள்ள மாட்டான். "எங்க வீட்ல கூட இவ்ளோ நேரம் என் வாசிப்ப யாரும் கேக்கலக்கா" என்று என்னைப் பார்த்துச் சிரிப்பான். அவன் பிக்கப் முடிந்த பிறகும், வேறு யாருக்காவது செய்தால் வாசித்துப் பார்க்க அவனைத்தான் கூப்பிடுவோம். எனக்கு அவன் தம்பி மாதிரி ஆகிவிட்டான். அவன் பெண்சாதி தேவகியையும் பையனையும் கார்த்திகை தீபத்துக்கு எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான்.

பட்டறையில் சுத்தமாக இருந்த சத்தம் ஊர்ப்புறத்து மேடையில் இரைந்தது. அதைச் சொல்லத்தான் சேகர் வந்தான்.

"ஒரே ஙொய்னு இரையுது மேடம். கம்பியத் தொட்டா கொஞ்சம் கொறையுது, விட்டா ஏறுது."

"பார்த்தீங்களா?"

"நல்லா பார்த்தேன். எல்லா ஊர்லயும் இப்டிதான்."

மேடம் அவனிடம், மேடையில் கரண்டு எடுக்கிற பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். மைக் செட் கோவிந்தனிடம் கேட்டு ஒன்றை வாங்கி வந்தான். கோவிந்தன் அந்தப் பக்கத்தில் எல்லாத் திருவிழாவுக்கும் ஒலிபெருக்கி, லைட் கட்டுகிறவர். பெட்டியைத் திறந்தால், மூன்று ஓட்டை இருக்கிற சாக்கெட்டுக்கு உள்ளே இரண்டு ஒயர்தான் வந்திருந்தது. எர்த் ஒயரே இல்லை. மேலே பார்க்க மூன்று, உள்ளே இரண்டு.

"எர்த் இல்லாம இரைச்சல் போகாது" என்றார் மேடம். "கிடாரோட கம்பி எல்லாம் பாலத்து வழியா ஆம்ப்போட பாடிக்கு வந்துடுது. அந்த பாடியை மண்ணோட சேர்க்கணும். ஒரு இரும்புக் கம்பியை ஈர மண்ல அடிச்சு, அதுலேருந்து ஒயர் இழுத்து ஆம்ப்ல கட்டிக்குங்க."

பச்சை ஒயர் ஒரு சுருள் அவரே எடுத்துக் கொடுத்தார். நான்தான் அதன் நுனியில் கவ்வி வைத்துப் பற்றவைத்தேன். கோவிந்தனிடம் சொல்லி எல்லாப் பெட்டிக்கும் எர்த் போடச் சொல்லும்படியும் மேடம் சேகரிடம் சொல்லி அனுப்பினார். அவன் போய்ச் சொன்னான். கோவிந்தன், "இத்தினி வருஷமா நான் என்னா மண்ணுலயா வேலை செய்றேன்? நீ உன் கிடாரைப் பாரு" என்றாராம்.

அதிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் சேகர் முதல் வேலையாக மேடைக்குப் பக்கத்தில் கம்பியை அடித்து, ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவான். குழுவில் மற்றவர்கள் கிண்டல் செய்வார்களாம். அவன் எங்களிடம் வந்து, "இப்போ மொத்த ஸ்டேஜ்லயும் நம்ம கிடார்தான் மேடம் சுத்தம்" என்றான். மேடம் "சரி" என்றார்.

ஆடி மாதம், கூழ் ஊற்றுகிற திருவிழாவில், கீழ்பென்னாத்தூர் தாண்டி ஒரு கிராமத்தில் அவன் செத்துப்போனான். விடிந்ததும் குழுவில் கீபோர்டு வாசிக்கிற பையன் போன் செய்தான். சாயங்காலம் மழை பெய்திருக்கிறது. கச்சேரி நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது, கோரஸ் பாட வேண்டிய இடத்தில் சேகர் கிடாரை வாசித்துக்கொண்டே மைக்கிடம் குனிந்திருக்கிறான். உதடு மைக்கில் பட்டதும் அப்படியே நின்றுவிட்டானாம். பாவனை பண்ணுகிறான் என்று முன்வரிசையில் இருந்தவர்கள் கை தட்டியிருக்கிறார்கள். கீழே விழுந்த பிறகுதான் தெரிந்தது.

நானும் மேடமும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிணவறைக்கு வெளியே வேப்பமரத்தடியில் தேவகி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. என்னைப் பார்த்ததும், "அக்கா, அந்தக் கிடாரை யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லுங்கக்கா, கரண்டு இருக்கப் போவுது" என்றாள். அப்போதும் மற்றவர்களுக்காகத்தான் பயந்தாள்.

முகம் பார்க்க விட்டார்கள். கீழுதட்டில் வட்டமாக ஒரு தீய்ந்த குறி. கிடார் வாசிக்கிறவர்களுக்கு இடது கை விரல் நுனிகளில் கம்பி பதிந்த தழும்பு எப்போதும் இருக்கும். சேகருக்கும் இருந்தது, நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அந்தக் கோடுகள் கறுத்திருந்தன. மேடம் அந்தக் கையை ரொம்ப நேரம் பார்த்தார். 

ஊரில் பேச்சு வேறு மாதிரி கிளம்பியிருந்தது. கோவிந்தன், "அவன் கிடார்ல என்னமோ புதுசா மாட்டி வச்சிருந்தான், அதுதான் அடிச்சிருச்சு" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். தேவகியின் அண்ணன் ஸ்டேஷனில் புகார் கொடுத்திருந்தார். கிடாரையும் ஆம்ப்பையும் மைக் செட் சாமான்களையும் போலீஸ் எடுத்துப் போய் வைத்திருந்தது. பிக்கப் செய்தவர்கள் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும் என்று எங்களைக் கூப்பிட்டார்கள்.

ஸ்டேஷனில் ஒரு பெஞ்சின் மேல் கிடாரை வைத்து, மின் ஆய்வாளர் எதிரிலேயே நான் திறந்தேன். காயில், பீசோ, சர்க்யூட் ஒவ்வொன்றாக மீட்டர் வைத்துக் காட்டினோம். ஒன்பது வோல்ட் பேட்டரியைத் தவிர அதற்குள் கரண்டே கிடையாது. ஆம்ப்பையும் பார்த்தார்கள், அதிலும் பழுதில்லை. மைக் எல்லாம் வந்து சேர்கிற மிக்சர் பெட்டிக்குக் கரண்டு போகிற ஒயர்தான், மேடைப் பலகைக்கு அடியில் மாட்டி நசுங்கியிருந்தது. கரண்டு அந்த மிக்சரின் இரும்பில் ஏறி, அங்கிருந்து மைக்கின் வலை வரைக்கும் வந்திருந்தது. அந்த மிக்சருக்கு எர்த் இருந்திருந்தால் பியூஸ் போயிருக்கும், பாட்டு நின்றிருக்கும். அவ்வளவுதான்.

சப் இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். "அப்போ கிடார்ல தப்பில்லை, மைக் செட்லதான் தப்பு. கையெழுத்துப் போட்டுட்டுப் போங்கம்மா."

மேடம் பேனாவை வாங்கவில்லை.

"அந்த மைக்ல அன்னைக்கு வேற ரெண்டு பேர் பாடினாங்க. அவங்களுக்கு ஒண்ணும் ஆகலை" என்றார். "காஞ்ச பலகை மேல நின்னாங்க, கையில வேற எதுவும் இல்லை. இவர் கை மட்டும் நேரா மண்ணோட சேர்ந்திருந்தது. கிடார்க் கம்பி வழியா, அந்த எர்த் கம்பி வழியா. அந்த எர்த் போடச் சொன்னது நான். அதையும் எழுதிக்குங்க."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னா போதும்மா."

"இது நடந்தது சார். எழுதிக்குங்க."

நான் மேடத்தின் கையைப் பிடித்தேன். "மேடம், எர்த் போடறது தப்பா? தப்பு அந்தாளுதுதான? இத ஏன் சொல்றீங்க?" என்று காதோடு சொன்னேன். அவர் என் கையை மெல்ல எடுத்துவிட்டு, சப் இன்ஸ்பெக்டர் எழுதி முடிக்கிற வரைக்கும் காத்திருந்து, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். ஆட்டோவில் திரும்பி வந்தோம். மலை முழுக்க மேகம் மூடியிருந்தது.

அதற்கப்புறம் பட்டறையில் வேறு வேலை நடக்கவில்லை. கிடார்க் கம்பிக்கும் எர்த்துக்கும் நடுவில், இரைச்சலை மண்ணுக்குப் போக விட்டு, ஆளைக் கொல்கிற கரண்டை மட்டும் தடுக்கிற மாதிரி ஒரு சின்ன பாகம் வைக்க வேண்டும் என்று மேடம் உட்கார்ந்தார். உலகத்தில் சிலர் முன்னாலேயே இப்படிச் செய்திருக்கிறார்கள் என்று சொன்னார். எங்கள் கலப்பு பிக்கப்பில் பீசோ பட்டை இருந்ததால், அதை வைத்தால் மரச் சத்தத்தில் மறுபடி இரைச்சல் ஏறியது. சர்க்யூட்டை மாற்றி மாற்றிப் பற்றவைத்தோம். கடைசியில் இரைச்சல் ரொம்பக் கம்மியாகி, மீட்டரில் பார்த்தால் கம்பி வழியாகப் போகிற கரண்டும் மிகமிகக் கொஞ்சம்தான் என்று வந்தது. நான் திரும்பத் திரும்ப அளந்தேன். ஒவ்வொரு தடவையும் அதேதான்.

ஒருநாள் மத்தியானம், சின்னப் பெண்கள் சாப்பிடப் போயிருந்த நேரம். நான் கை கழுவிவிட்டு உள்ளே வந்தால், மேஜை மேல் ஒரு கிடாரும் மைக்கும் இருந்தன. மைக்கின் வலையில் ஒரு சிவப்பு ஒயரைக் கட்டி, சுவரில் இருக்கிற பிளக்கில் செருகியிருந்தார். இடது கையால் கிடார்க் கம்பிகளைப் பிடித்திருந்தார். வலது கை மைக்குக்குப் பக்கத்தில்.

"சுவிட்சைப் போடுங்க கோமதி."

நான் சுவிட்ச் பக்கம் போகவில்லை. "மீட்டர்ல பார்த்தாச்சே மேடம்."

"மீட்டர் பார்த்தது. நான் பார்க்கலை. இதை விற்கணும்னா நான் பார்க்கணும்."

"முடியாது மேடம்."

"கணக்குப்படி ஒண்ணும் ஆகாது. போடுங்க."

குரல் ரொம்ப இறங்கியிருந்தது. நான் கிட்டே போய், "எழுந்திரிங்க" என்றேன். "ஒண்ணும் ஆகாதுன்னா நான் புடிக்கிறேன். நீங்க போய் சுவிட்சைப் போடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவருக்குத் தெரியும். கம்பியிலிருந்து கையை எடுத்தார்.  நான் பிளக்கைப் பிடுங்கி, சிவப்பு ஒயரைத் துண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் போட்டேன். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

முன்னால் பிக்கப் வாங்கின ஆட்களுக்கெல்லாம் அந்தப் பாகத்தைச் சும்மா வைத்துத் தருகிறோம் என்று சொல்லி அனுப்பினோம். சிலர் வந்தார்கள். சிலர் வந்து வைத்துக்கொண்டு, கொஞ்சம் இரைகிறது என்று வேறெங்கோ கொடுத்துக் கழற்றிவிட்டார்கள். மறு வருஷம் ஆடியில் மேடமும் நானும் ஊர் ஊராகப் போய், கச்சேரி ஆரம்பிப்பதற்கு முன்னால் மைக்கில் டெஸ்டர் வைத்துப் பார்க்கிறோம் என்று கேட்டோம். இரண்டு ஊரில் விட்டார்கள். மற்ற ஊர்களில், "யாரு நீங்க? கரண்டு ஆபீசா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

கேஸ் பல வருஷம் இழுத்தது. கோர்ட்டில் கோவிந்தனுடைய வக்கீல், மேடம் ஸ்டேஷனில் சொன்னதை அப்படியே எடுத்துப் படித்தார். செத்துப்போனவர் தானாகவே தனி எர்த் போட்டிருக்கிறார், அது மைக் செட்காரர் செய்த ஏற்பாடு இல்லை, சொல்லிக் கொடுத்தவரே ஒத்துக்கொள்கிறார் என்றார். மேடம் கூண்டில் ஏறி, எர்த் போடுவது சரியான வேலை, மற்றதற்கெல்லாம் எர்த் இல்லாததுதான் தப்பு என்று விளக்கினார். "கேட்ட கேள்விக்கு ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுங்க" என்றார் வக்கீல். "எர்த் போடச் சொன்னது நீங்கதானே?"

"ஆமா."

கோவிந்தனை விட்டுவிட்டார்கள்.

தீர்ப்பு வந்து கொஞ்ச நாளில், போலீஸ் திருப்பிக் கொடுத்த கிடாரை எடுத்துக்கொண்டு தேவகி பட்டறைக்கு வந்தாள். அதே சாக்குப்பை இல்லை, ஏதோ ஸ்டேஷனில் கொடுத்த பிளாஸ்டிக் உறை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மேடத்தைப் பார்த்துப் பேசினாள்.

"நீங்க சொன்னதுல பொய் இல்ல. எனக்குத் தெரியும். எங்க வீட்டுக்காரரும் உங்களப் பத்தி அப்டிதான் சொல்லுவாரு, அந்தம்மா பார்க்காததச் சொல்லமாட்டாங்கன்னு. ஆனா ஒண்ணு கேக்கறேன். அன்னைக்கு ஸ்டேஷன்ல அத யாருக்காக சொன்னீங்க? அவருக்காகவா? எனக்காகவா?"

தேவகி கிடார் உறையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"உங்க மனசு கேக்கல, சொல்லிட்டீங்க. உங்களுக்கு பாரம் கொறஞ்சிருக்கும். அந்தாளு வெளிய வந்து, எங்க தெருவுலயே பட்டாசு வெடிச்சான். எம் பையன் பார்த்துக்கிட்டு நின்னான்."

"தேவகி..." என்றேன்.

"நீங்க இருங்கக்கா. உங்க மேல எனக்கு ஒண்ணுமில்ல." கிடாரை மேஜை மேல் வைத்தாள். "இத வித்துக்குங்க, இல்ல ஒடச்சிப் போடுங்க. என் வீட்ல வேணாம்."

போய்விட்டாள். மேடம் நின்ற இடத்திலேயே நின்றார். "அந்தப் பொண்ணு கேட்டது சரி" என்றார் பிறகு. "எனக்குப் பதில் தெரியலை கோமதி. நான் தேடிப் பார்க்கறேன், இல்லை." வாழ்க்கையில் அவர் ஒரு கேள்விக்கு அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

கிடாரை நாங்கள் விற்கவும் இல்லை, உடைக்கவும் இல்லை. பட்டறையை பெங்களூர்க்காரர்களுக்குக் கொடுத்தபோது, வேறு சாமான்களோடு எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. அந்தப் பாகம் இல்லாமல் ஒரு பிக்கப்பும் வெளியே போகக் கூடாது என்று மேடம் அவர்களிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார். அப்புறம் உடம்பு முடியாமல் சென்னையில் தங்கை வீட்டுக்குப் போனார். நான் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். கடைசித் தடவை என்னை அடையாளம் தெரிந்தது, ஆனால் பேச்சு வரவில்லை. தகனத்துக்கு நானும் அந்தச் சின்னப் பெண்கள் இரண்டு பேரும் போனோம். எனக்கும் கண்ணில் புரை விழுந்து, ஆபரேஷன் செய்த பிறகும் மெல்லிய கம்பி தெரியாமல் போனதால் வேலையை விட்டேன்.

போன பௌர்ணமிக்கு, சாயங்காலம், எங்கள் ஊர்ப் பாதையில் கிரிவலக் கூட்டம் சேர ஆரம்பித்த நேரம். ரோட்டோரம் வேகவைத்த வேர்க்கடலை விற்றுக்கொண்டு தேவகி உட்கார்ந்திருந்தாள். நான் கவனிக்கவில்லை. அவள்தான் "அக்கா" என்று கூப்பிட்டாள். முடி பாதி நரைத்திருந்தது. பக்கத்தில் சாக்கை விரித்து உட்காரச் சொன்னாள்.

"அந்தம்மா போய்ட்டாங்கன்னு கேள்விப்பட்டேன்."

"ஆமாம்மா."

"நான் அவ்ளோ பேசியிருக்கக் கூடாது."

"நீ கேட்டது சரின்னாங்க."

அவள் கொஞ்ச நேரம் கடலையைப் படி படியாக அளந்து, வந்தவர்களுக்குப் பொட்டலம் போட்டுக் கொடுத்தாள். கூட்டம் கொஞ்சம் விலகினதும், பையன் என்ன செய்கிறான் என்று கேட்டேன்.

"மைக் செட் வேலைக்குப் போறான்" என்றாள்.

"யாருகிட்ட?"

அவள் என்னைப் பார்க்காமல் அடுப்பில் இருந்த குண்டானின் மூடியைத் திறந்து கிளறினாள். ஆவி முகத்தில் அடித்தது.

"ஊர்ல வேற யாரு அக்கா கூப்ட்டு வேலை குடுத்தாங்க? கோவிந்தந்தான் குடுத்தான். வேணாம்னு அழுதேன். ரெண்டு நாள் சாப்புடாம கெடந்தேன். கேக்கல. போயிட்டான்."

அவன் எர்த் போடுகிறானா என்று கேட்க எனக்கு நாக்கு வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. அந்த வார்த்தையை அவள் முன்னால் நான் எப்படிச் சொல்வது? அவளே சொன்னாள்.

"இன்னைக்கு செங்கம் பக்கம் கச்சேரி. போன் பண்ணா எடுக்கமாட்டான். வேலை முடிஞ்சி வீட்டுக்கு வந்து சேர்ற வரைக்கும் நான் தூங்கறதில்லக்கா."

எனக்கு ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். நான் எழுந்திருக்கவில்லை. இருட்டுகிற வரைக்கும் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, கடலையை அளந்து அளந்து கொடுத்துக்கொண்டிருந்தேன்.